குதிகால் படாமல் மிதிக்கிற சொல்

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதையும் முழுதாக முடிக்கவில்லை. ஆனால் இந்த நாட்டில் எந்த ஆஸ்பத்திரியில் யாருடைய காயத்தைக் கட்டினாலும், அந்தக் கட்டுத்துணியில் ஒரு சுற்றாவது என் தொட்டியில் வெளுத்ததாக இருக்க வாய்ப்புண்டு. இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். வேறு எதற்குச் சொல்வது? ராஜபாளையத்துக்கு வெளியே இருக்கிற என் பட்டறையில் இன்று இன்ஜினியரிங் படித்தவர்கள் மூன்று பேர் வேலை செய்கிறார்கள். காலையில் எனக்கு வணக்கம் சொல்வார்கள். நான் தலையை மட்டும் ஆட்டுவேன்.

இதை எழுத உட்கார்ந்தது என் வளர்ச்சியைச் சொல்வதற்கு இல்லை. ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். பைபிளின் பழைய ஏற்பாடு எழுதின எபிரேய மொழியில் இருக்கிற சொல். கழுவுவது என்று நம் வேதத்தில் இருக்கிற இடத்தில் மூலத்தில் நிற்கிற சொல். அதற்கு என்ன அர்த்தம் என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் முதலில் சொன்னவன் நான். சொன்னதற்காகச் சிரித்தே என்னை உட்கார வைத்தார்கள். அந்தச் சிரிப்பை ஆரம்பித்து வைத்தவர் ஒரு ஹெட்மாஸ்டர். அவரை நான் மன்னிக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுவார்கள் என்று நினைத்து வாசிக்கிறவர்கள் இப்போதே மூடி வைத்துவிடலாம்.

எனக்கு அப்போது இருபது வயது. வீடு வன்னியம்பட்டியில். காலையில் சைக்கிளை மிதித்து ராஜபாளையம் போவேன். அங்கே பகல் முழுக்கத் துணியை மிதிப்பேன். சாயந்தரம் மறுபடி சைக்கிளை மிதித்து வீட்டுக்கு வருவேன். ஆக என் பிழைப்பே மிதிப்பதுதான்.

வெளுக்கிற வேலை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தறியிலிருந்து வருகிற துணி வெள்ளையாக இருக்காது. பழுப்பாக, கஞ்சி ஏறி, பஞ்சுக்கே உள்ள எண்ணெய்ப் பசையோடு இருக்கும். காடாத்துணி என்போம். அதன்மேல் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். உள்ளே இறங்காது. சேம்பிலையில் உருள்வது மாதிரி உருண்டு ஓடிவிடும். தண்ணீரைக் குடிக்காத துணி ரத்தத்தை எப்படிக் குடிக்கும்? அதனால் அந்தத் துணியைச் சோடாவில் வேகவைத்து, சிமெண்டுத் தொட்டியில் தண்ணீர் கட்டிப் போட்டு, நாலு பேர் இறங்கி மிதிப்போம். செத்த நேரம் ஒன்றும் தெரியாது. பிறகு உள்ளே இருக்கிற அழுக்கு கலங்கலாக மேலே வரும். அந்தத் தண்ணீரை வடித்துவிட்டு வேறு தண்ணீர் கட்டி மறுபடி மிதிப்போம். கடைசியில் ஒரு துண்டை வெட்டித் தண்ணீரில் போடுவார்கள். போட்டதும் முங்கிவிட்டால் துணி தேறியது. மிதந்தால் எத்தனை வெள்ளையாக இருந்தாலும் தொட்டிக்குத் திரும்ப வேண்டியதுதான்.

தொட்டியில் ஒரே ஒரு சட்டம் உண்டு. குதிகால் படக்கூடாது. கட்டுத்துணி நெருக்கமாக நெய்தது இல்லை, கண்ணு கண்ணாக இருக்கும். ஈரத்தில் குதிகாலை ஊன்றி ஒரு திருப்புத் திருப்பினால் நூல் விலகும், பிறகு பிரியும். காலின் முன்பாதியால் அழுத்தி, பக்கவாட்டில் தள்ளி, அடுத்த காலை எடுத்து வைக்க வேண்டும். நான் சேர்ந்த முதல் நாளே மேஸ்திரி ஒரு மூங்கில் பிளாச்சால் என் கெண்டைக்காலில் வீசினார்.

"ஏலே, குதிகாலை ஊணாத. நீ மிதிக்கது துணியை, பாம்பை இல்ல."

அந்த அடி ஒரு வாரம் இருந்தது. பாடம் இன்றுவரை இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் சபையில் வேதபாட வகுப்பு நடக்கும். நடத்துகிறவர் அந்த ஹெட்மாஸ்டர். கோயில் தேரடியிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்த தொடக்கப்பள்ளியில் வேலை பார்த்தார். மடிப்புக் கலையாத வெள்ளை ஜிப்பா. பேசினால் மணி அடித்த மாதிரி இருக்கும். அவர் வீட்டில் தடித்த எபிரேய அகராதி ஒன்று இருந்தது. யாரோ வெள்ளைக்காரர் ஊருக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போனது. அந்த அகராதி வீட்டில் இருக்கிற தைரியத்தில்தான் மனிதர் அத்தனை நிமிர்ந்து நடந்தார் என்று நினைக்கிறேன்.

அன்றைக்குப் பாடம், பாவம் செய்த ராஜா அழுது பாடுகிற சங்கீதம். அடுத்தவன் பெண்டாட்டியை எடுத்துக்கொண்டு, அவனைப் போரில் முன்னால் நிற்கவைத்துச் சாகடித்த ராஜா. என்னைக் கழுவும் என்று தேவனைப் பார்த்துக் கேட்கிறார். ஹெட்மாஸ்டர் அந்த இடத்தில் நிறுத்தினார். எபிரேயத்தில் கை கால் உடம்பைக் கழுவுவதற்கு ஒரு சொல், துணியைக் கழுவுவதற்கு வேறு சொல் என்று விளக்கினார். இங்கே இருப்பது உடம்பைக் கழுவுகிற சொல் என்றும், தாய் பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி தேவன் அந்த ராஜாவின்மேல் மெதுவாகத் தண்ணீரை மொண்டு ஊற்றுகிறார் என்றும் சொன்னார். ஊற்றுகிற மாதிரி கையைக்கூடக் காட்டினார்.

நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வாய் சும்மா இருக்கவில்லை. எழுந்துவிட்டேன்.

"சார், எனக்கு அப்படித் தோணல."

"என்னலே தோணுது உனக்கு?"

"அவரு செஞ்சது கொலை. அழுக்கு உள்ள ஊறிப்போன ஆளு. மேல ஊத்துற தண்ணி உள்ள எறங்காது சார், உருண்டு ஓடிரும். தொட்டியில போட்டு மிதிச்சாத்தான் வரும். அவரு துணி கழுவுற சொல்லைத்தான் சொல்லியிருப்பாரு."

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"நீ எம்புட்டுப் படிச்சிருக்கே?"

"அஞ்சாப்பு."

"எபிரேயம் எந்த வாத்தியார்கிட்டப் படிச்சே? நாலாப்பிலயா, அஞ்சாப்பிலயா?"

சபை சிரித்தது. அவர் விடவில்லை. "எல்லாரும் எந்திரிங்க, எபிரேயர் வந்திருக்காரு" என்றார். இரண்டு மூன்று பேர் உண்மையாகவே எழுந்து கும்பிட்டார்கள். பிறகு என் காலைப் பார்த்தார். பிளீச்சிங் பவுடர் தின்று, விரலிடுக்கெல்லாம் வெடித்து, சுண்ணாம்பில் முக்கி எடுத்த மாதிரி இருந்த கால்.

"காலால வேதம் படிக்கான் பாருங்க" என்றார்.

பெண்கள் பக்கத்தில் பாவாடை தாவணியில் உட்கார்ந்திருந்த ஒருத்தி கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இரண்டு வருஷம் கழித்து அவளைத்தான் கல்யாணம் செய்தேன். அந்தச் சிரிப்பை இன்றுவரை சொல்லிக் காட்டுகிறேன். "சிரிக்காம என்ன செய்ய, ஒங்க மூஞ்சி அப்படி இருந்துச்சு" என்பாள். அவளை மன்னித்துவிட்டேன். சோறு போடுகிறவள்.

எபிரேயர் என்ற பேர் என்மேல் ஒட்டிக்கொண்டது. சைக்கிளில் போனால் டீக்கடையிலிருந்து "எபிரேயா, எங்க போற?" என்பார்கள். என் கல்யாணப் பந்தியில் "எபிரேயருக்கு இன்னொரு அப்பளம்" என்று கூவினார்கள். நான் சொந்தமாக ஒரு தொட்டி கட்டியபோது "எபிரேயன் தொட்டி" என்றார்கள். என் மகன் பள்ளிக்கூடத்தில் "எபிரேயன் மவன்" ஆனான். அழுதுகொண்டு வந்து, "அப்பா, நாம வெளிநாடா?" என்று கேட்டான். பேர் வைத்த ஆளோ ஞாயிறுதோறும் மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு பாட்டுப் பாடினார்.

நான் வளர்ந்தேன். ஒரு தொட்டி நாலானது, பிறகு பட்டறையானது. மெஷின் வந்தது. மனிதன் மிதிக்க வேண்டிய வேலை போனது. சபைக் கட்டடத்துக்குப் புதுக்கூரை போட்டுக் கொடுத்தேன், மைக்செட் வாங்கிக் கொடுத்தேன். முதல் வரிசையில் எனக்கு இடம் வந்தது. எபிரேயா என்று கூப்பிட்ட வாய்கள் அண்ணாச்சி என்று கூப்பிட ஆரம்பித்தன. ஒவ்வொரு வாயையும் நான் நினைவு வைத்திருக்கிறேன். மகன்களுக்கு வேலை கேட்டு வந்தார்கள். கொடுத்தேன். கொடுக்கும்போது ஒன்று மட்டும் கேட்பேன்: "எபிரேயன்கிட்டயா வேலைக்கு வாரீங்க?" அவர்கள் தலையைக் குனிவார்கள். அதைப் பார்க்க எனக்கு நன்றாக இருந்தது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

ஹெட்மாஸ்டர் மட்டும் என்னிடம் எதற்கும் வரவில்லை. ஓய்வு பெற்றார். மனைவி இறந்தார். மகள் வீட்டில் இருந்தார். வயது எண்பதைத் தாண்டியது. எதிரில் பார்த்தால் ஒரு வணக்கம், அவ்வளவுதான். பழிவாங்க ஒரு பிடியும் கொடுக்காத மனிதர்.

போன வருஷம் அந்தப் பிடி தானாக வந்தது. அவர் மகள் பட்டறைக்கு வந்தார். கையில் ஒரு சின்னப் புத்தகம்.

"அப்பா புக் போட்டிருக்காவ, அண்ணாச்சி. அந்தச் சங்கீதத்துக்கு வெளக்கம். ஆயுசுக்கும் எழுதிக்கிட்டே இருந்தாவ. ஒங்க கையால வெளியிடணும்னு சபையில எல்லாரும் சொல்றாவ."

"ஒங்க அப்பா சொன்னாரா?"

"வேண்டாம்னு சொல்லல" என்றார்.

புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டேன். எனக்கு வாசிப்பு மெதுவாகத்தான் ஓடும், எழுத்துக்கு எழுத்து விரல் வைத்து. மத்தியானம் மெஷின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து நாலு நாள் வாசித்தேன். நாலாம் நாள் அந்த இடம் வந்தது. கழுவுவது என்ற இடத்தில் மூலத்தில் இருக்கிற சொல் துணியை வெளுக்கிறவர்களுடைய சொல் என்று எழுதியிருந்தார். தொட்டியில் போட்டு மிதித்து அழுக்கை வெளியே கொண்டுவருகிற சொல்லாம். மேலே ஊற்றுகிற தண்ணீர் உள்ளே இறங்காது என்றும் இருந்தது. என் வாயிலிருந்து வந்த சொல், எழுத்து மாறாமல். இது தன் நீண்டகால ஆராய்ச்சியில் தானே கண்டுபிடித்தது என்று கீழே எழுதியிருந்தார்.

விரலை அந்த வரியிலிருந்து எடுக்க வெகுநேரம் ஆனது. என்னைச் சிரித்து உட்கார வைத்தவர், நான் சொன்னதை எடுத்துத் தன் பேரைப் போட்டு அச்சடித்திருக்கிறார். அதை என் கையாலேயே வெளியிட வேண்டுமாம்.

அடுத்த வரியில் அவர் என் கையில் மாட்டினார். மிதிப்பது எப்படி என்று விளக்கியிருந்தார். குதிகாலை ஊன்றி, பலங்கொண்ட மட்டும் ஓங்கி மிதிப்பதாம். தேவனும் பாவியை அப்படித்தான் குதிகாலால் மிதித்துக் கழுவுகிறாராம்.

நான் சிரித்த சிரிப்பில் ஆப்பரேட்டர் மெஷினை நிறுத்திவிட்டு ஓடிவந்தான்.

ஆனாலும் உறுதிசெய்துகொள்ள வேண்டும். புது மெஷினுக்கு ஜெபம் செய்யவேண்டும் என்று சபைக் குருவானவரைக் கூப்பிட்டேன். சின்ன வயது, மகாராஜபுரத்துப் பையன். வேத கல்லூரியில் எபிரேயம் படித்தவர். ஜெபம் முடிந்து காபி கொடுத்துவிட்டுக் கேட்டேன்.

"சார் எழுதியிருக்கது சரிதான் அண்ணாச்சி" என்றார் அவர். "ஒடம்பைக் கழுவ ராகட்ஸ்னு ஒரு சொல். துணிக்குக் கபாஸ். மிதிக்கது, கசக்குறது எல்லாம் அந்தக் கபாஸுக்குள்ள அடக்கம். வேதத்துல பெரும்பாலும் துணிக்குத்தான் வரும். மனுஷனுக்குப் போட்ட எடம் ரொம்பக் கொஞ்சம். அதுல இது ஒண்ணு. அந்த ராஜா தன்னைத் துணியா நெனச்சுக்கிட்டு, என்னைத் தொட்டியில போடுங்கன்னு கேக்காரு."

"குதிகால்னு அகராதியில இருக்கா ஐயா?"

"குதிகாலா? இல்லையே. மிதிக்கதுன்னுதான் இருக்கும். குதிகால் சார் சேத்ததா இருக்கும்."

"அப்ப அது அவரு சொந்தச் சரக்கு" என்றேன். "மத்தது என்னோடது."

அவருக்குப் புரியவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய இடத்தை முடிவுசெய்துவிட்டேன்.

வெளியீடு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சபை ஹாலில். ராஜபாளையத்திலிருந்து கிளம்பும்போது கார் டிக்கியில் ஆள் இறங்கி நிற்கிற மாதிரி ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பையும், சோடாவில் வெந்த காடாத்துணி பத்து மீட்டரையும் ஏற்றினேன். என் மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இது எதுக்கு?"

"ஏட்டி, பேசாம ஏறு."

"அவிய வயசானவிய. வேண்டாம்."

"எனக்கும்தான் வயசாயிருக்கு. இருபது வயசிலிருந்து ஆயிருக்கு."

ஹால் நிறைந்திருந்தது. நாற்காலி போதாமல் பெஞ்சு கொண்டுவந்து போட்டார்கள். மேடையில் ஹெட்மாஸ்டர் அதே வெள்ளை ஜிப்பாவில். உடம்பு வற்றியிருந்தது, ஜிப்பா மட்டும் பழைய அளவில் இருந்தது. ரிப்பன் கட்டிய புத்தகக் கட்டு மேசைமேல். குருவானவர் என்னைப் பேச அழைத்தார். நான் மைக்கைப் பிடித்தேன். நான் வாங்கிக் கொடுத்த மைக்.

அந்தப் பழைய ஞாயிற்றுக்கிழமையை அப்படியே சொன்னேன். அஞ்சாப்பு, எபிரேயர், காலால் வேதம் படிக்கிறவன், ஒன்றையும் விடவில்லை. பெரியவர்கள் சிலர் நெளிந்தார்கள். பிறகு புத்தகத்தைப் பிரித்து, அந்தப் பக்கத்தை எழுத்துக் கூட்டி வாசித்தேன். வேண்டுமென்றே மெதுவாக.

"சார்" என்று அவர் பக்கம் திரும்பினேன். "இது நீங்களே கண்டுபிடிச்சதுன்னு போட்டிருக்கு. சரி. குதிகாலால மிதிக்கணும்னும் போட்டிருக்கு. எனக்கு அது புதுசா இருக்கு. நான் பதினாலு வருசம் மிதிச்சேன், எனக்குத் தெரியல. செத்த மிதிச்சுக் காட்டுங்க."

டிரைவர் டப்பைத் தூக்கிவந்து மேடையில் வைத்தான். துணியைப் போட்டுத் தண்ணீரை ஊற்றினான். ஹாலில் சிரிப்பு எழுந்தது. அதே சிரிப்பு, இந்தத் தடவை என் பக்கம். அதற்காக எத்தனை வருஷம் காத்திருந்தேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

குருவானவர் எழுந்தார். "அண்ணாச்சி, இதெல்லாம்..." என்று ஆரம்பித்தார். ஹெட்மாஸ்டர் கையைக் காட்டி அவரை உட்கார வைத்தார்.

"மிதிக்கணும். அவ்வளவுதான? மிதிக்கேன்."

செருப்பைக் கழற்றினார். மகள் ஓடிவந்து கையைப் பிடித்தார். வேட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். முழங்கால் வரை நீல நரம்பு புடைத்த கால். எழுதியபடியே குதிகாலை ஊன்றினார், ஒன்று, இரண்டு. மூன்றாவது மிதியில் உடம்பு ஒரு பக்கம் சாய, குதிகால் திரும்பியது. துணி கிழிகிற சத்தம் மைக்கில் கேட்டது. கிழிசல் வழியாகக் கால் உள்ளே போய் மாட்டிக்கொண்டது. மகளும் குருவானவரும் சேர்ந்து தூக்கி வெளியே எடுத்தார்கள். கணுக்காலில் கட்டுப் போட்ட மாதிரி துணி சுற்றிக்கொண்டு வந்தது.

நான் ஷூவைக் கழற்றினேன். சாக்ஸைக் கழற்றினேன். துணியின் கிழியாத பாதியை விரித்துப் போட்டு ஏறினேன். வேலையை விட்டு முப்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. ஆனால் கால் மறக்கவில்லை. முன்பாதி, பக்கத்தில் தள்ளு, அடுத்தது. பத்து மிதியில் தண்ணீர் கலங்கிவிட்டது. முன்வரிசைக்காரர்கள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். கைதட்டினார்கள். என்னைப் போல் இந்த ஜில்லாவில் மிதிக்க ஆள் கிடையாது. இன்றைக்கும் கிடையாது.

கைதட்டல் அடங்குவதற்குள் ஹெட்மாஸ்டர் மைக்கைக் கேட்டு வாங்கினார். குரலில் பழைய மணி இல்லை.

"இவர் சொன்னது நெசம். இது நான் கண்டுபிடிச்சதில்ல. இவர்தான் சொன்னார். அன்னைக்குச் சாயந்தரமே வீட்டுக்குப் போய் அகராதியைப் பாத்தேன். இவர் சொன்னதுதான் இருந்தது."

இவர். ஏலே என்று கூப்பிட்ட வாய். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நான் டப்பைத் தூக்கிக்கொண்டு வந்தேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. ஆனால் அது இனிக்கவில்லை. அவர் சொன்னதில் இன்னொன்று இருந்தது. அன்றைக்குச் சாயந்தரமே. அப்படியென்றால் அடுத்த ஞாயிறே அவருக்குத் தெரியும். என் கல்யாணத்தில் அப்பளம் கூவியபோது தெரியும். என் மகன் அழுதபோது தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பேர் அன்றோடு போயிருக்கும். அத்தனை வருஷமும் தெரிந்துகொண்டே ஜன்னலோரம் கண்ணை மூடிப் பாடியிருக்கிறார். அறியாமல் சிரித்தார் என்ற ஒரு சின்ன மிச்சத்தை மனதின் ஓரத்தில் அவருக்காக வைத்திருந்தேன். அதையும் அவரே எடுத்துப் போட்டுவிட்டார்.

"புத்தகத்தை வெளியிட வேண்டாம்" என்றும் சொன்னார். மகளைப் பார்த்து, "கட்டை எடும்மா" என்றார்.

மகள் ரிப்பன் அவிழ்க்காத கட்டைத் தூக்கிக்கொண்டார். என்னைக் கடக்கும்போது நின்றார்.

"அண்ணாச்சி, துணி நல்லா வெளுத்துருச்சா?"

ஈரக்காலோடு ஷூவைப் போட முடியாமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். காராச்சேவும் டீயும் யாரும் தொடாமல் இருந்தன.

ராஜபாளையம் திரும்புகிற வழியில் மனைவி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். பாதி தூரம் வந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"நல்லாத்தான் மிதிச்சிய. ஆனா டப்புக்குள்ள இல்ல, மைக்கைப் பிடிச்சுக்கிட்டு நின்னியளே, அங்க. குதிகாலை ஊணிட்டிய."

"ஊணுனேன்" என்றேன். "தெரிஞ்சுதான் ஊணுனேன்."

அவள் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து டிக்கியைத் திறந்தால் அந்தக் கிழிந்த துணி டப்பில் கிடந்தது. டிரைவர் தூக்கிப் போடவா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். மறுநாள் நானே அதை மிதித்து, வெளுத்து, ஒரு துண்டு வெட்டித் தண்ணீரில் போட்டேன். உடனே முங்கியது. நல்ல துணி. ஆனால் கட்டுப்போட உதவாது. நடுவில் ஒரு மனிதக் கால் நுழைகிற அளவுக்கு ஓட்டை.

அடுத்த ஞாயிறு ஹெட்மாஸ்டர் சபைக்கு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. மூன்றாம் வரிசை ஜன்னலோரம் காலியாக இருந்தது. நான் முதல் வரிசை, திரும்பிப் பார்க்காமல் எனக்கு அது தெரியாது. ஆனால் திரும்பிப் பார்த்தேன். குருவானவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"நீங்க ஒரு தடவை போய்க் கூப்பிட்டா வருவாரு அண்ணாச்சி."

"எதுக்கு நான் போகணும்? அம்பது வருசம் ஆகப்போகுது, அவரு என்னைத் தேடி ஒரு தடவை வந்தாரா?"

"அவரு ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல. வீட்டுல உக்காந்து எழுதிக்கிட்டே இருக்காரு."

"என்ன எழுதுதாரு? இன்னொரு பொஸ்தகமா?"

"அதே புஸ்தகம்தான்" என்றார் குருவானவர்.

எனக்கு விளங்கவில்லை. இரண்டு மாதம் கழித்து விளங்கியது. ஆராதனை முடிந்து வெளியே வந்தால், வாசல் மேசையில் அந்தப் புத்தகங்கள் அடுக்கியிருந்தன. வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு அட்டை. மகள் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஒன்றை எடுத்து அந்தப் பக்கத்தைப் பிரித்தேன். குதிகால் என்ற சொல்லை மையால் அடித்து, மேலே உள்ளங்காலின் முன்பாகம் என்று எழுதியிருந்தது. தானே கண்டுபிடித்தது என்ற வரியை முழுதாக அடித்திருந்தது. ஓரத்தில் என் பேர், அப்பா பேரின் முதலெழுத்தோடு. இதை எனக்குச் சொன்னவர் என்று கீழே. அதற்கும் கீழே நடுங்குகிற கையெழுத்தில் ஒரு வரி: நான் சிரித்தேன்.

நான் நம்பவில்லை. மேலே இருக்கிற ஒன்றிரண்டில் மட்டும் எழுதிவிட்டு மற்றதை அப்படியே விட்டிருப்பார் என்று நினைத்தேன். எல்லாரும் போன பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். மனைவி காரில் காத்திருந்து ஹாரன் அடிக்கச் சொன்னாள். டிரைவர் அடித்தான். நான் எழவில்லை. கடைசிப் புத்தகம்வரை பார்த்தேன். ஒன்றில்கூட விட்டுப்போகவில்லை. சிலவற்றில் மை இழுகியிருந்தது. சிலவற்றில் என் பேர் வரி கோணி ஓரத்தைத் தாண்டி ஓடியிருந்தது. எல்லாவற்றிலும் அந்தக் கடைசி வரி இருந்தது.

ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கிழிந்த துணியை மடித்து, அதற்கு மேல் இந்தப் புத்தகத்தை வைத்து, ஆபீஸ் அலமாரியில் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். பார்க்க வருகிறவர்கள் கேட்டால் முழுக்கதையையும் சொல்வேன். எனக்குச் சொல்லப் பிடிக்கும். கபாஸ் என்றால் என்ன என்று என்னிடம் கேட்கிறார்கள். அஞ்சாப்புக்காரனிடம்.

மன்னித்தாயிற்றா என்று குருவானவர் போன மாதம் கேட்டார். இல்லை என்றேன். அவர் இன்னும் சபைக்கு வரவில்லை. எழுதினால் போதாது. வந்து உட்கார வேண்டும், அந்தச் சங்கீதம் வாசிக்கும்போது நான் திரும்பிப் பார்க்க வேண்டும், அவர் கண்ணை மூடாமல் இருக்க வேண்டும். அதுவரைக்கும் இல்லை.

ஆனால் கிறிஸ்துமஸ் சமயம் கூட்டம் அதிகமாகி, யாரோ வெளியூர்க் குடும்பம் மூன்றாம் வரிசை ஜன்னலோரம் உட்காரப் போனது. நான் முதல் வரிசையிலிருந்து எழுந்துபோய், அவர்களை என் இடத்தில் உட்காரவைத்துவிட்டு, ஆராதனை முடிகிறவரை அந்த ஜன்னல் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அந்த இடம் காலியாக இருந்தால்தான் அவர் இன்னும் வரவில்லை என்பது எனக்குத் தெரியும்.